அச்சுக்கல்லில் ஈயம்

1938 பிப்ரவரி 14, திங்கட்கிழமை. காலை ஆறரைக்குச் சோதனைக்கூடத்தைத் திறந்தேன். தராசைத் துடைத்து மட்டம் பார்த்தேன். சுரங்கத்திலிருந்து வந்த வெள்ளைக்கல் மாதிரிகள் எட்டு. பொடித்துச் சலித்து எடை போட்டு, ஒன்பது மணிக்குள் உலையில் வைத்தாயிற்று. பிறகு அச்சுக்கல் அறிக்கையைச் சுத்தப்பிரதி எடுக்க உட்கார்ந்தேன்.

அப்போது நான் சேலத்தில் மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லைத் தோண்டும் ஒரு கம்பெனியில் ரசாயன உதவியாளன். அந்த அச்சுக்கல் கம்பெனி வேலையே அல்ல. பரமத்தி வேலூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்தது. ஒரு முழ நீளக் கல். நடுவில் கோடாலி வடிவக் குழி. வரலாற்றுக்கு முந்தைய காலத்து மக்கள் அதில் எந்த உலோகத்தை உருக்கி ஊற்றினார்கள் என்று சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அமிலமும் தராசும் உள்ள இடம் எங்களுடையது என்று தாசில்தார் அனுப்பிவிட்டார். கூடவே மூன்று கடிதங்கள்: கிராம முன்சீப் எழுதியது, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழுதியது, தாசில்தார் எழுதியது. மூன்றிலும் ஒரே வாசகம்: ‘பழங்கால அச்சுக்கல், ஒன்று.’

குழியைச் சுரண்டி ஐந்து முறை சோதித்தேன். ஐந்து முறையும் ஈயம். செம்பின் சுவடே இல்லை. மேலே கரி படிந்திருந்தது. ‘பண்டைய உலைப் புகை’ என்று குறித்தேன்.

தலைமை ரசாயனர் துள்ளினார். “ஈயக் கோடாலிய்யா! இந்தத் தேசத்துல யாரும் பார்த்ததில்லை!”

“ஈயக் கோடாலியால வாழைத்தண்டுகூட வெட்ட முடியாதே சார்.”

“வெட்டறதுக்கா செஞ்சான்? பூஜைக்குச் செஞ்சிருப்பான். நீ எழுது.”

செவ்வாய்த் தபாலில் அறிக்கை சென்னை மியூசியத்துக்குப் போக வேண்டும். அதன் அடியில் இருக்கப்போவது என் கையெழுத்து.

பத்து இருபதுக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் வெற்றிலைக் கட்டு. கல்லைக் கண்டெடுத்த நாச்சிமுத்துக் கவுண்டர்.

“ஏனுங்க சாமி, எங் கல்லு ஆச்சுங்களா? ஆத்துல தண்ணி வத்துது. மீன் வலைக்குக் குண்டு கட்டோணும். ஈயம் உருக்கோணுமுங்க.”

பேனாவைக் கீழே வைத்தேன். “எதுல உருக்கப் போறீங்க?”

“உருக்கறது சட்டியிலீங்க. ஊத்தறதுதான் கல்லுல. கோடாலியாட்டம் பாளமா வரும். உளி வெச்சுத் துண்டு போட்டா வலைக்கு ஆச்சு. மூணு தடவ ஊத்திப்போட்டேன். ஒட்டாம இருக்க வெளக்குக் கரியத் தடவிப் போடோணுமுங்க.”

அந்தக் கரியும் அவருடையதுதான். மூன்று வாரம், ஐந்து சோதனை, ஒன்றிலும் பிழையில்லை. கல்லில் ஈயம் இருந்தது உண்மை.

“இத யாருகிட்டயும் சொல்லலியா?”

“ஆரும் கேக்கலீங்களே. கல்லக் குடுன்னாங்க, குடுத்தேன்.”

தலைமை ரசாயனரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினார். “அந்தாளு இங்க வரலைன்னு வெச்சுக்கோயேன்.”

“டயரியில எழுதிட்டேன் சார். பத்து இருபது.”

“உன் டயரியில இடி விழ! அப்போ வேற சான்று கொண்டா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் பொறுப்பேன். இல்லேன்னா என் கையெழுத்துல இது அப்படியே போகும்.”

வெளியே வந்து கவுண்டரிடம் எரிந்து விழுந்தேன். ஈயம் ஊற்றாத அச்சுக்கல் வேறு ஏதாவது உண்டா என்று கத்தினேன். அவர் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

“சோடிக் கல்லுங்களா? அது ஊட்டுல கெடக்குதுங்க. குழி ஓரம் ஒடஞ்சது, ஈயம் நிக்காது. அன்னைக்கே மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் குடுத்துப்போட்டேன்.”

“குழிப் பக்கம் மேலயா, கீழயா?”

“கீழீங்க. மண்ணோட மண்ணா.”

மூன்று அலுவலகங்கள் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தன. உடனே அவருடன் பஸ் ஏறினேன். தொட்டியை நெம்பிக் கல்லை எடுத்து, மண்ணைத் தட்டாமல் சாக்கில் கட்டினோம். முதல் கல்லுக்குப் பதிலாக, ஈயம் ஊற்ற ஒரு பழைய இரும்புத் தட்டு தருவதாகச் சொன்னேன். “அதுல வடிவு வராதுங்க” என்று முகம் சுளித்தார். திரும்பும் பஸ்ஸில் சாக்கை மடியிலேயே வைத்திருந்தேன்.

அந்த இரண்டாம் கல்லில் செம்பும் கொஞ்சம் வெள்ளீயமும் வந்தன, அதாவது வெண்கலம்; ஈயம் இல்லை. ஈயக் கோடாலி அறிக்கை தபாலுக்குப் போகவில்லை. பிறகு சோதனைக்கூடத்தில் சேர்ந்த இளைஞர்கள் எல்லோரும் அந்தச் சோதனையைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் சொல்வது அதற்கு முந்தின கால் மணி நேரத்தைப் பற்றி.

செவ்வாய் காலை ஆறரைக்குக் கூடத்தைத் திறந்ததும் சாக்கை அவிழ்க்கவில்லை. பதிவேட்டில் ‘கிடைத்த இடம்’, ‘சோதனை முடிவு’ என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். ‘இடையில் என்ன செய்தார்கள்’ என்று தலைப்பிட்டேன். கல் 1: ஈயம் ஊற்றியது, மூன்று முறை, விளக்குக் கரி. கல் 2: மாட்டுத் தொட்டிக்கு முட்டு, குழி கீழ்ப்பக்கம். மை காய்ந்த பிறகே கத்தியை எடுத்தேன்.