லுத்தரன் சார்

திங்கட்கிழமை காலை, புதுக்கோட்டை பஸ் ஆலங்குடியில் நின்றதும் கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார். "ஒங்க லுத்தரன் சார் போயிட்டாருங்க" என்றார். சாலமோன் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்தியவரை ஊரே அப்படித்தான் அழைத்தது. பழைய மாணவர்களான உங்களில் பலருக்கும் அப்படித்தான் பழக்கம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் வேலைக்குச் சேர்ந்தார். "லுத்தரன்னா என்ன சார், எங்கள்ல வடகலை தென்கலை மாதிரியா?" என்று ஆசிரியர் அறையில் நான்தான் கேட்டேன்.

"ஜெர்மனியில லுத்தர்னு ஒரு பாதிரியார். அவரு பின்னால போனவங்களை மத்தவங்க கேலி பண்ணுன பேரு இது. என் பேரை வச்சுக்காதீங்கன்னு அவரே சொன்னாரு. நாங்கதான் கேக்கலை."

சிரிக்காமல் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

அந்தப் பேரில் மகா பிடிவாதக்காரர். அவர் வேலைக்கு வந்ததற்கு முந்தைய வருஷம் பல கிறிஸ்தவ சபைகள் ஒன்றாகச் சேர்ந்தபோது லுத்தரன்கள் சேரவில்லை. சேர்ந்த சபையின் சின்னக் கோயில் எங்கள் ஊரில் இருந்தது. அங்கே ஜெபத்துக்குப் போவார். அப்பமும் திராட்சரசமும் தரும் ராப்போஜனத்துக்கு மட்டும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுவார். "கும்பிடலாம். பந்தியில உக்கார மாட்டேன்" என்பார். அவர் மனைவி ஜெயமணி பிறந்ததே அப்படிச் சேர்ந்த சபைகளில் ஒன்றில்தான். கல்யாணத்தோடு அவரையும் லுத்தரன் ஆக்கிவிட்டார். எனக்கு அதில் கோபம் உண்டு.

அந்த அம்மா இனிப் பிழைக்க மாட்டார் என்று ஆனபோது ஒன்றே ஒன்று கேட்டார்: பிறந்த சபையின் ஐயர் கையால் ராப்போஜனம். பாதிரியாரை அவர்கள் ஐயர் என்பார்கள். சாலமோன் என்னிடம் வந்து, "என்னங்க செய்ய?" என்றார்.

"கேக்குறது ஒங்க வீட்டுக்காரம்மா. என்னைய எதுக்குக் கேக்குறீங்க?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஐயரைக் கேரியரில் உட்காரவைத்து, உச்சி வெயிலில் மிதித்து வந்தார். ஐயர் அங்கியைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். கட்டிலருகே நின்று, "நீங்களும் வாங்கிக்கிறீங்களா?" என்று இவரைக் கேட்டார். இவர் முழங்காலிட்டு வாங்கினார். ஜெயமணியம்மா கையை நீட்டி இவர் தலையைத் தொட்டார்.

நாங்கள் இருவரும் வாசலுக்கு வந்ததும், "லுத்தர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

"இன்னைக்குத்தான் அவரு பேச்சைக் கேட்டிருக்கேன்."

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகும் ராப்போஜனத்துக்குப் புதுக்கோட்டைக்கே போய்வந்தார். அடக்கமும் அங்கேயே நடந்தது. திரும்பி வரும்போது அதே கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "லுத்தரன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார். சபைகளின் கதை எனக்கு முழுசாகத் தெரியாது. அந்த வெயிலும் அந்தக் கேரியரும்தான் என்னிடம் இருக்கின்றன. அதையே சொன்னேன்.