ஸ்பிரிங்வெளியில் யாரும் சாகாத மூன்று மாதங்கள்

1. முதல் நாள்

பதுளையில் எங்கள் தேவாலயத்தில் முப்பத்தொரு வருடம் ஓர்கன் வாசித்தேன். வார நாளில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை ஓர்கன். ஓர்கன் என்றதும் சுவர் முழுக்கக் குழாய்களை நினைத்துவிடாதீர்கள். எங்களுடையது காலால் மிதித்து வாசிக்கும் பழைய பெட்டி. மழைக்காலத்தில் ஒரு கட்டையை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்தும். வாசிப்பவர் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எத்தனையோ கல்யாணத்துக்கு வாசித்திருக்கிறேன், ஒரு பொண்ணு உள்ளே நடந்து வருவதைப் பார்த்ததில்லை. கடைசிப் பாட்டை முடித்து மூடியைச் சாத்திவிட்டுத் திரும்பினால் ஆலயம் காலியாக இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டிலும் பேச ஆளில்லை. ஹென்ரிக் வந்தபோது நான் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று புரிவதற்காக இதைச் சொல்கிறேன்.

ஹென்ரிக் ஜெர்மன்காரர். அங்கே ஆலயத்தில் ஓர்கன் வாசிப்பதும் பாடகர் குழுவைப் பழக்குவதும் முழுநேர உத்தியோகமாம். படிப்பு உண்டு, சம்பளம் உண்டு, பென்சனும் உண்டு. ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள். இரண்டு வருடம் எங்கள் பாடகர் குழுவைப் பழக்க வந்திருந்தார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

வந்த அன்றே என்னை ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"கை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஏன் நிறுத்துகிறீர்கள்?"

"அடி சொல்வதற்கு" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை, விளக்கினேன். இங்கே தேயிலைத் தோட்டங்களில் முன்பு எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு, பாட்டுப் புத்தகமும் குறைவு. அதனால் ஆராதனை நடத்தும் உபதேசியார் ஓர் அடியைச் சத்தமாகச் சொல்லுவார், சனங்கள் அதைப் பாடுவார்கள். பிறகு அடுத்த அடி. இப்போது எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும், போனில்கூடப் பாட்டு இருக்கிறது. ஆனாலும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

"அப்படிச் செய்தால் பாட்டு துண்டு துண்டாகிவிடும். இனி நிறுத்த வேண்டாம்" என்றார்.

சரி என்று உடனே தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நிறுத்தல் பிடிக்காது. முப்பது வருடத்துக்குப் பிறகு இசை தெரிந்த ஒருவர் என் பக்கம் பேசுகிறார் என்று பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓர்கனும் அவர் கீபோர்டும் வாசித்தோம், டவுன் சபை இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டது. தோட்டத்தை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

2. பாட்டு ஓடிப்போனது

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஓர் அம்மா இறந்துபோனார். எங்கள் சபை ஆள்தான். பாட்டரி கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ஹென்ரிக்கும் நானும் ஆட்டோவில் போனோம். அவர் குடியிருந்த லயத்துக்கு முன்னால் கூடாரம், மழைத் தூறல், நூறு பேருக்கு மேல். உபதேசியார் ஏசுதாஸ் அண்ணன் முதல் அடியைச் சொன்னார், சனங்கள் எடுத்தார்கள். அவர் இரண்டாம் அடிக்கு வாயைத் திறப்பதற்குள் ஹென்ரிக் அதை வாசித்து முடித்து மூன்றாவதில் இருந்தார். சிலர் இரண்டாவதைப் பாடினார்கள், சிலர் மூன்றாவதை. பிறகு ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். இரண்டாம் சரணத்தில் கீபோர்டு மட்டும்தான் கேட்டது. ஹென்ரிக் தலையைத் தூக்காமல் ஐந்து சரணத்தையும் வாசித்து முடித்தார். அழகாகத்தான் வாசித்தார். செத்துப்போன அம்மாவின் மகள் மட்டும் உபதேசியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏசுதாஸ் அண்ணன் என்னிடம் வந்தார். "டீச்சர், பாட்டு ஓடிருச்சு. எங்களால பின்னால வர முடியல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஹென்ரிக் கேட்டார்: "ஏன் பாடுவதை நிறுத்தினார்கள்?"

அவர் முகம் வாடிப்போயிருந்தது. சொல்ல மனம் வரவில்லை. "அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

3. பல்வலி

அதற்குப் பிறகு தோட்டத்து மரணங்களுக்கு அவருக்குச் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சண்டையும் இல்லை, புகாரும் இல்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் ஏசுதாஸ் அண்ணன் போன் பண்ணுவார். நான் பசறை ரோட்டில் பஸ் பிடித்துப் போய், கீபோர்டு இல்லாமல், சும்மா உட்கார்ந்து பாடிவிட்டு வருவேன். ஹென்ரிக்கிடம் பல்லுக்கு மருந்தெடுக்கப் போனதாகச் சொல்லுவேன். மறுநாள் அவர் என் பல்லைப் பற்றி அக்கறையாக விசாரிப்பார்.

ஒரு நாள் கேட்டார்: "எஸ்தர், மூன்று மாதமாக ஸ்பிரிங்வெளியில் யாருமே சாகவில்லையா?"

"நல்ல காற்று" என்றேன்.

சிரித்தார். தோட்டத்துச் சனங்களுக்காகவே அந்தப் பாட்டைப் பெரிய எழுத்தில் நாற்பது பிரதி எடுத்து வைத்திருந்தார், தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று. சாயந்தரங்களில் அவர் வீட்டைத் தாண்டிப் போனால் விளக்கு எரியும், கீபோர்டு கேட்கும். யாரும் உள்ளே போய் நான் பார்த்ததில்லை. எனக்கும் போகக் கூச்சம்.

4. வெள்ளைக் கொடி

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய அம்மா ஜெர்மனியில் இறந்துபோனார். விசா நீடிப்புக்காக அவர் பாஸ்போர்ட் கொழும்பில் கிடந்தது, போக வழியில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். "யாரிடமும் சொல்ல வேண்டாம். ஞாயிறு வழக்கம்போல வாசிப்பேன்." வெள்ளிக்கிழமை அடக்கத்தைப் போனில் பார்த்திருக்கிறார். ஆலயத்தில் ஒன்பது பேர். மூன்றாவது பாட்டில் சிக்னல் போய்விட்டதாம். எத்தனையோ பேர் வீட்டு அடக்கத்துக்கு வாசித்த மனுசன்.

அன்று பின்னேரம் ஏசுதாஸ் அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"யாருக்கும் சொல்ல வேணாங்கிறாரு அண்ணே."

"வேணாம்னா சரியாப் போச்சா டீச்சர்? பெத்த தாய் செத்துருக்கு. தனியா உக்காந்துருக்க விடுறதா?"

"அன்னைக்கு நடந்ததுல உங்களுக்கெல்லாம் கோவமோன்னு நெனச்சேன்."

"கோவமா? அவரு வாசிச்சா எங்களுக்குப் பாட வரல, அதான் கூப்புடல. இது வேற. நாளைக்கு அரைநாள் வேலைதான், வந்துடுறோம்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வேனில் பதினான்கு பேர் வந்தார்கள். முதலில் கேட்டில், சாவு வீட்டுக்குக் கட்டுவதுபோல, வெள்ளைக் கொடி கட்டினார்கள். பிறகு சீனியும் தேயிலையும் பிஸ்கட்டுமாக உள்ளே போய், பெண்கள் நேரே குசினிக்குள் நுழைந்து தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்கள். ஹென்ரிக் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கீபோர்டைத் திறக்கப் போனவரின் கையைப் பிடித்து ஏசுதாஸ் அண்ணன் உட்கார வைத்தார். "இன்னைக்கு நீங்க எழவு வீட்டுக்காரரு. சும்மா இருங்க."

அடி சொன்னார். அன்று ஸ்பிரிங்வெளியில் நின்றுபோன அதே பாட்டு. புத்தகம் ஒருவர் கையிலும் இல்லை, ஐந்து சரணத்தையும் பாடினார்கள். மூன்றாம் சரணத்தில் ஹென்ரிக்கும் சேர்ந்துகொண்டார். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர், உபதேசியார் சொல்லும் அடியைக் காதில் வாங்கி அப்படியே பாடினார். பாதியில் அழுதுவிட்டார். யாரும் பாட்டை நிறுத்தவில்லை, ஏசுதாஸ் அண்ணன் அவருக்காக அடுத்த அடியைக் கொஞ்சம் தாமதித்துச் சொன்னார்.

வேன் போன பிறகு ஹென்ரிக் ஆரம்பித்தார்.

"இவர்களுக்கு இந்தப் பாட்டு தெரியும்."

"ஆமாம்."

"அன்றைக்கும் தெரியும்."

"ஆமாம்."

"இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்?"

"ஐந்து பேர்."

"நீங்கள் போனீர்களா?"

"நாலுக்குப் போனேன்."

கோப்பையைக் கீழே வைத்தார். "நான் தப்பாக வாசித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நிறுத்தி வாசித்திருப்பேனே எஸ்தர்" என்றார்.

5. கற்றுக்கொண்டது

அடுத்த வாரத்திலிருந்து அடிக்கு அடி நிறுத்தி வாசித்தார். தோட்டத்தில் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அவரும் போனார், ஏசுதாஸ் அண்ணனோடு. ஆட்டோவில் எனக்கு இடமிருந்தது, ஆனால் அவர் என்னைக் கூப்பிடவில்லை.

ஓர்கன் பழக வருகிற பிள்ளைகள் தாளம், விரல் என்று என்னென்னவோ கேட்கிறார்கள். அதெல்லாம் பழகினால் வரும். கூட வாசிப்பவர் தப்புச் செய்தால் அன்றைக்கே, முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். மனம் நோகுமே என்று நான் சொல்லாமல் விட்டேன், அந்த மனுசன் மூன்று மாதம் ஆளில்லாத வீட்டில் கிடந்தார்.

அதுவரை ஒவ்வொரு ஆராதனை முடிந்ததும் ஓர்கன் பக்கம் வந்து, "இன்றைக்கு எப்படி வாசித்தேன்?" என்று என்னிடம்தான் கேட்பார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இன்னும் ஒரு வருடம் பதுளையில் இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். அதை மட்டும் கேட்கவில்லை.