தாழ்ப்பாளுக்கு வெளியே அண்ணன்

என் அண்ணி லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். முன்னறையில் பெரிய தையல் மெஷின், சுவரோரம் பச்சையும் நீலமுமாய்ச் சுருட்டி வைத்த தார்ப்பாய்கள், நடுவே மனிதர்கள் உட்காரக் கொஞ்சம் இடம். அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அந்தக் கப்பல் புயலில் மூழ்கிவிட்டதாகச் செய்தி வந்தபோது நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணியோ விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு மனசா, கல்லா அண்ணி?" என்று கேட்டே விட்டேன்.

"பைபிள்ல அப்போஸ்தலர் போன கப்பல் உடையலையா? பலகையைப் புடிச்சுக்கிட்டு எல்லாரும் கரை சேரலையா? உங்கண்ணனுக்கு ஒரு பலகை குடுக்கக் கடவுளுக்கு என்ன கஷ்டம்?" என்றார். பேச்சில் நடுக்கமில்லை. ஊசியில்தான் நூல் நுழையவில்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

கப்பல் கம்பெனிக்காரர் வந்து, "இனிமே எதிர்பார்க்காதீங்கம்மா" என்று சொல்லிப் பார்த்தார். அண்ணி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தலையை மட்டும் ஆட்டவில்லை.

சாயங்காலம் ஆனால் போதகரும் அக்கம்பக்கத்தாரும் ஜெபிக்க வருவார்கள். போதகர் தங்கமான மனிதர், ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நடுவில் லாரி டிரைவர்கள் தார்ப்பாய் கேட்டுக் கதவை இடிப்பார்கள். அதனால் ஒரு சட்டம் போட்டோம். ஜெபம் தொடங்கினால் தாழ்ப்பாள். ஆமென் சொல்லும்வரை யார் தட்டினாலும் திறப்பதில்லை. காவல் வேலை எனக்கு.

ஒரு நாள் ஜெபத்தின் நடுவே மறுபடி கதவு இடிபட்டது.

"தார்ப்பாய் நாளைக்குத்தான்!" என்று இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

"தார்ப்பாய் யாருக்கு வேணும்? கதவைத் திறடி, வாயாடி!"

ஊரே மனதுக்குள் அப்படி நினைத்தாலும், என்னை வாய்விட்டு அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசாமல் கதவைத் திறந்திருக்கலாம். திறக்காமல் உள்ளே ஓடி, "அண்ணன்! வாசல்ல அண்ணன்!" என்று கத்தினேன்.

போதகர் கண்ணைத் திறக்கவே இல்லை. "துக்கத்துல அப்படித்தான் கேக்கும், உட்காரும்மா" என்றார். பக்கத்து வீட்டு அத்தை என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "ஆண்டவரே, அந்தப் பிள்ளையை வீடு கொண்டுவந்து சேரும்!" என்று ஜெபம் மறுபடி முழங்கியது. பிள்ளை வெளியே கதவை உடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணி எழுந்தார். "ஐயா, கேட்டது வந்துடுச்சு. ஆமென் சொல்லுங்க" என்றபடியே போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்.

யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையில், தோலுரிந்த மூக்கோடு, பாதியாய் இளைத்து அண்ணன் நின்றான். கப்பலிலிருந்து பெயர்ந்த ஒரு கதவைப் பிடித்து மிதந்தவனை மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியிருக்கிறது.

"ஒரு போன் பண்ணக்கூடாதாங்க?" என்றார் அண்ணி.

"நம்பரெல்லாம் போன்லதான் இருந்துச்சு. போன் கடல்ல கிடக்கு."

அதுவரை எங்கள் முன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதார். எனக்கு நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிப் போயிற்று. இத்தனை பேர் கூடிக் கேட்டோம்; கிடைக்கும் என்று நம்பி இருந்தவர் அண்ணி ஒருவர்தான்.

இப்போதும் அங்கே ஜெபம் நடக்கிறது. கதவைத் தாழிடுவதில்லை. டிரைவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து, ஆமென் சொல்லிவிட்டுத்தான் தார்ப்பாயைக் கேட்கிறார்கள்.