பழனிக்கு நேர்ந்த முடி

எங்கள் பையன் பிறந்தபோது நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து, முதல் முடியைப் பழனி முருகனுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை. கம்பெனியில் மிஞ்சும் துணியில் நானே வெட்டித் தைத்த குல்லாவைத்தான் அவனுக்குப் போடுவோம்.

ஐந்தாம் மாதத்தில் குல்லா தலையில் ஏறவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்தோம். நனைத்தால் சுருங்குகிற துணியோடு பிழைக்கிறவர்கள் வேறென்ன நினைப்போம்? அடுத்த சைஸ் வெட்டினேன். அதுவும் இறுகியது. "ஏனுங்க மாஸ்டர், பையன் பொறக்கையிலயே எக்ஸ்எல் சைஸுங்களா?" என்று டெய்லர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு பையன் பாலைக் கக்கத் தொடங்கினான். உச்சிக்குழி புடைத்து நின்றது. அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கியே கிடந்தான். பல்லடத்து டாக்டர் டேப்பால் தலையை அளந்ததும் கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அங்கே ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார் பெரிய டாக்டர். "எல்லார் மூளைக்குள்ளயும் சின்னச் சின்ன அறை இருக்குங்க. அதுல நீர் ஊறும், தானா வடியும். பையனுக்கு வடியற வழி பொறவியிலயே அடைச்சிருக்கு. அறை பெருத்து மூளைய நெருக்குது."

"கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தனுங்க சார், அதனாலயா?" என்றாள் என் மனைவி.

"நீங்க செஞ்ச எதுவும் காரணமில்லம்மா. ஒரு குழாய் வெச்சு, தோலுக்கடியிலயே கொண்டுபோய், அந்த நீரை வயித்துக்குள்ள விட்டுரலாம். இன்னிக்கே செய்யணும். நசுங்குன மூளை எவ்வளவு மீளும்னு இப்பச் சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரிச் சவரக்காரர் வந்ததும் அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "இது சாமி முடிங்க. மலைக்குப் போய்ட்டு வந்தர்றமுங்க."

"அம்மணி, பையன் தாங்கமாட்டான்" என்றேன்.

"சாமி கோவிச்சுட்டு இவனையே எடுத்துக்கிட்டார்னா?"

முருகா, சோதிக்காதே என்று வெறுஞ்சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஒரு பக்கந்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க. மிச்சத்த மலையில குடுத்துக்குங்க" என்றார் சவரக்காரர், ஆறுதலாக.

அவள் நிமிர்ந்தாள். "எடுத்தது போக மிச்சத்தையா சாமிக்குக் குடுக்கறது?" பிள்ளையை மார்பிலிருந்து இறக்கி மடியில் கிடத்தினாள். "பழனி எந்தப் பக்கமுங்க?"

நர்ஸம்மா ஒரு பக்கம் காட்டினார், நான் ஒரு பக்கம். சவரக்காரர் ஜன்னலில் வெயிலைப் பார்த்துவிட்டு, எங்களைத் தென்கிழக்காகத் திருப்பி உட்காரவைத்தார்.

"முழுசா எடுத்துருங்க" என்றாள். "முருகா, வாங்கிக்கிட்டுப் பையனத் திருப்பிக் குடுத்துரு."

முடியை முந்தானையில் ஏந்தினாள். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை. மழித்த தலையில் நீல நரம்புகள் தெரிந்தன. அது எவ்வளவு பெரிய தலை என்பதை அப்போதுதான் முழுதாகப் பார்த்தோம்.

ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. வராந்தாவில் நின்ற எனக்குச் 'சரவணபவ' என்பதற்குமேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

சாயந்தரம் கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. பசியழுகை.

"இப்பப் பால் குடுக்கக் கூடாதும்மா" என்றார் நர்ஸம்மா.

நடப்பானா, பேசுவானா என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பால் சுரந்து ரவிக்கை நனைய நனைய அவள் கதவருகிலேயே நின்றாள்.