பெரியதம்பி மாமாவின் வலது முழங்கால்

அந்தமானில், எங்கள் சௌல்தாரியில் பாக்கு மரம் ஏறுகிறவர்களில் என் தாய்மாமா பெரியதம்பி மட்டும் மரத்துக்கு மரம் இறங்கி ஏற மாட்டார். உச்சியில் இருந்தபடியே மரத்தை ஆட்டி வளைத்து, அடுத்ததை எட்டிப் பிடித்துத் தாவிவிடுவார். மண்ணை மிதிக்காமல் நாற்பது மரம். தாவும் நொடியில் உடம்பு முழுவதும் வலது முழங்காலில் திரும்பும்.

போன மழைக்காலத்தில் அந்த முழங்காலைத்தான் பக்கத்துத் தோப்பு சுதாகர் மிதித்தான். வேலியோரத்து மரம் யாருடையது என்று பேச்சு முற்றி, மாமா அவன் பல்லை உடைத்தார். சேற்றில் பாதம் புதைந்து நின்ற அவர் காலின்மேல் அவன் பூட்ஸோடு பக்கவாட்டில் பாய்ந்தான். ‘டப்’ என்ற சத்தம் கிணற்றடியில் நின்ற எனக்கே கேட்டது.

எக்ஸ்ரேயில் எலும்பு முழுசாக இருந்தது. மாமாவுக்கு அது போதும். வீக்கம் வடிந்ததும் நடந்தார்.

எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது; பிசியோதெரபி. அவர் காலை மடக்கி வைத்து, முட்டிக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்தேன். ஆடும் பல்லைப் போல எலும்பு நழுவி வந்தது.

“மாமா, தொட எலும்பும் கால் எலும்பும் சும்மா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. ரெண்டையும் கட்டி வச்சிருக்கிறது ஜவ்வு. உங்களுக்கு உள்ள குறுக்க ஓடுற ஜவ்வு அறுந்திருச்சு. அது எக்ஸ்ரேல தெரியாது. நேரா போனா சதை தாங்கும். திரும்புனீங்க, கால் விட்டுரும். மெட்ராஸ்ல எங்க சார்கிட்ட ஆபரேசன் பண்ணிருவோம், கப்பல் ஏறுங்க. இல்லன்னா மரத்தை மறந்துருங்க.”

“கால் பிடிச்சு விடவா நாலரை வருசம் படிச்ச? சோடோ, விடு மாப்ள. அவன் மிதிச்சதுல மெயின்லேண்டுக்கு ஓடிட்டான்னு பஜாரே சிரிக்கும்.”

ஞாயிறு காலை, அதே வேலியோரத்து மரத்தடியில் சுதாகர் குலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மாமா அரிவாளோடு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். நேராக ஓடியதால் கால் தாங்கியது. முதல் வெட்டு சுதாகரின் தோளைக் கிழித்தது. அவன் துள்ளி விலகினான். மாமா வலது காலை ஊன்றி அவன் பக்கம் திரும்பினார்.

பாதம் நின்ற இடத்தில் நின்றது. தொடை மட்டும் திரும்பியது. மாமா அலறிக்கொண்டு சரிந்தார்.

சுதாகர் அவர் மார்பில் ஏறி உட்கார்ந்தான். தோளிலிருந்து ரத்தம் அவர் முகத்தில் சொட்டச் சொட்டக் குத்தினான். “உட் நா, சாலா! எந்திரிடா! மரத்துல பறப்பியே, பற!” முடியைப் பிடித்து அவனை இழுத்தெறிந்தேன். மாமா கையிலிருந்து விழுந்து கிடந்த அரிவாளை அவன் எடுத்துக்கொண்டான்.

மாமா எழுந்தார், விழுந்தார். மறுபடி எழுந்தார், முட்டி உள்பக்கமாக மடிய, முகம் குப்புற விழுந்தார். ஓங்கிய கையோடு சுதாகர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“த்தூ. நிக்கக்கூட வக்கில்லாதவன வெட்டிட்டு நான் ஜெயிலுக்குப் போகவா?” அரிவாளை வாய்க்காலில் வீசிவிட்டு, தோளைப் பொத்திக்கொண்டு நடந்தான்.

மாமா என் சட்டையைப் பற்றித் தன் பக்கம் இழுத்தார். கிழிந்த உதட்டில் பேச்சு குழறியது.

“கப்பல் என்னைக்கு?”