வைக்கோல் திணித்த பின்சக்கரம்

"புதன். பின்சக்கரம். வால்வின் அடியில் டியூப் கிழிந்தது. காச்சிராப்பாளையம் சாலை, பிற்பகல் 2.10. முகாமுக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர். இன்று செக்கிங்." சென்ற மாதம் என் குறிப்பேட்டில் எழுதியது இது. சைக்கிள் பழுதாகும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், இடம், காரணம் நான்கையும் எழுதி வைப்பது என் பழக்கம். மன்னாரில், ஊரிலிருக்கிற உங்களுக்கு இங்குள்ள ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால், "காத்துப் போச்சோ?" என்று கேட்பார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பழுது என்னவென்று யாரும் கேட்பதில்லை. "இன்னும் சைக்கிள்லயா போய்க்கினு கீற?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆம், இன்னும் சைக்கிளில்தான். கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் பெயிண்டிங் வேலை. மலை நீலமாகத் தெரியும் திசையில் காலையில் மிதித்துப் போய், அது முதுகுக்குப் பின்னால் போக மாலையில் திரும்புகிறேன். மோட்டார் வண்டி வாங்கினால் பதிவு, உரிமம், முகவரிச் சான்று என்று ஒவ்வொரு மேசையிலும் நான் யார், எந்த நாட்டான் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சைக்கிள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. எங்கள் அகதி முகாமில் இளையவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

செக்கிங் என்பது முகாம்களில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். ஊரிலிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அதிகாரி வந்து, குடும்ப எண்ணைக் கூப்பிட்டு, ஒவ்வொரு தலையையும் நேரில் பார்ப்பார். அன்று நான்கு மணிக்கு முடித்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆள் இல்லையென்றால் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும், உதவித்தொகை நின்றுபோகும். அந்தக் கோட்டை அழிக்க மனு எழுதிக்கொண்டு எங்கள் வீட்டு வரிசையில் ஒருவர் அரை வருடம் அலைந்தார். அதனால்தான் அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பினேன். பம்பு, ஒட்டுத்துண்டு, பசை, ஸ்பானர், டயர் நெம்ப இரண்டு எவர்சில்வர் கரண்டி என எல்லாம் பையில் இருந்தன. ஆனால் வால்வின் அடி கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது. சாலையோரப் பஞ்சர் கடையில் பைக் டியூப் மட்டும்தான் தொங்கியது. பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

பின்னாலேயே வந்த மேஸ்திரி செல்வம் பைக்கை நிறுத்தினார். பத்து வருடமாக எனக்கு வேலை தருகிறவர். "அத்த இங்கயே போட்டுட்டு ஏறுப்பா. யாரு தூக்கினு போவப் போறான் இந்த ஓட்டைய?" என்றார். நியாயமான பேச்சு. ஏறியிருந்தால் கால் மணி நேரத்தில் முகாம். ஆனால் போர் மறுபடி மூண்ட ஆண்டில், மன்னார்க் கரையில் இந்தியாவுக்குப் படகேறுமுன், ஒரு வேப்பமரத்தில் என் சைக்கிளைச் சாய்த்துப் பூட்டிவிட்டு வந்தேன். நாலைந்து நாளில் திரும்பி எடுத்துக்கொள்ளலாம் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு இருபது வயது. இன்னொரு சைக்கிளை வழியில் விட்டுவிட்டுப் போகிறவனாக நான் இருக்க மாட்டேன். செல்வத்திடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நீங்கள் போங்கள், நான் வந்துவிடுவேன் என்றேன். "பேரு போனா எங்கிட்ட வந்து அழாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்கள் பக்கம் டியூப் கிடையாது. டயருக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். அது நினைவுக்கு வந்தது. பத்தடி தள்ளி ஒரு வைக்கோல் போர். அதனடியில் நடுவயதுப் பெண் ஒருவர் மாட்டுக்கு உருவிக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி வைக்கோல் கேட்டேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாடு எங்க கீது?"

"மாட்டுக்கு இல்லை அக்கா. டயருக்குள்ள வைக்க."

கொஞ்ச நேரம் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். "சிலோனுல வண்டியும் வைக்கோல் தின்னுமா?" என்றார். பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். தொலைபேசியில் மன்னார்ச் சொந்தங்கள் என் பேச்சை இந்தியப் பேச்சு என்கிறார்கள்.

டியூபை உருவிவிட்டு வைக்கோலை அள்ளி அள்ளித் திணிக்கத் தொடங்கினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பொறுக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்படி அடைச்சா ஒரு மைலு தாங்காது. தூளா பூடும். நவுருங்க, பிரி முறுக்கி வுடணும்."

அவர் சொன்னது உண்மை. அன்றைக்கும் எங்கள் டயர்களிலிருந்து மூன்றாம் மைலில் தூள்தான் கொட்டியது. கதிர்க்கட்டு கட்டுவதற்கு வைக்கோலைக் கயிறுபோலப் பிரி முறுக்குவதை நாங்களும் அறிவோம். ஆனால் அதை டயருக்குள் விடலாம் என்று அந்த வருடங்கள் முழுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் வைக்கோலில் தண்ணீர் தெளித்துக் கட்டைவிரல் தடிமனுக்கு முறுக்கிக்கொண்டே போனார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று சுற்றுப் பிரியை இறுக்கி வைத்து, இருவரும் ஆளுக்கொரு கரண்டியால் டயரை நெம்பி ஏற்றினோம். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அவர் பெயரைக் கேட்க மறந்தேன். என் குறிப்பேட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. கிளம்பும்போது, "வூட்டுக்குப் போனதும் அவுத்து மாட்டுக்குப் போடுங்க, வீணாக்காதீங்க" என்றார். எனக்கு மாடு இல்லை என்று அவர் கடைசிவரை நம்பவில்லை.

சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை குதித்தது. முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வந்தது. பைக்கில் கடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். பிரி தாங்கியது.

3.52க்கு முகாமுக்குள் நுழைந்தேன். எங்கள் எண்ணை ஏற்கெனவே ஒருமுறை கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவி மேசையை விட்டு நகராமல், "வாறார், வந்துகொண்டிருக்கிறார்" என்று கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதிகாரி என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தார், சாலையைக் காட்டி ஒரு பைக் வாங்கக் கூடாதா என்றார். "உள்ளேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கோடு விழவில்லை.

அன்று மாலை மன்னாரிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு செய்தி சொன்னான். எங்கள் ஊர்க் கிராம அலுவலரின் குடியிருப்போர் பட்டியலில் என் பெயர் இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறதாம், அதே வீட்டு இலக்கத்தோடு. வீடு இல்லை; இலக்கம் இருக்கிறது. வெட்டச் சொல்லி எழுதிக் கொடுக்கவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இங்கே உள்ளேன் என்று நான் சொன்ன அதே நிமிடத்தில் அங்கே யாராவது என் பெயரைக் கூப்பிட்டிருந்தால், பதில் வராமல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். காத்திருக்கட்டும். பட்டியலைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொன்னான். இதை எழுதும்வரை வரவில்லை. என் பெயர் அங்கே இருக்கிறது என்பது உறுதிசெய்யப்படாத தகவல். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.