உருளைக்கிழங்கு வாடை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த மூக்குக்குத்தான் சம்பளமும். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி ஆலையில், வாங்கப் போகும் சரக்கைச் சுவைத்துத் தரம் சொல்வது என் வேலை. சுவை பார்க்கும் அறைக்குள் யாராவது மல்லிகைப்பூவோடு வந்தாலோ தைலம் தடவிக்கொண்டு வந்தாலோ, "வெளிய போ, மூஞ்சியக் கழுவிகினு வா" என்று துரத்திவிடுவேன்.

இந்தக் கோடையில் ருவாண்டாவிலிருந்து ஒரு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அம்மா, மாதிரிச் சரக்கோடு நேரிலேயே வந்திருந்தார். நான் தேறியது என்று சொன்னால் நல்ல விலை. இல்லையென்றால் மட்டச் சரக்கின் விலை. அந்த நாட்டுக் காப்பியில் ஒரு தொல்லை உண்டு. பூச்சி கடித்த ஒரே ஒரு கொட்டை கலந்தாலும் கிண்ணம் முழுக்கப் பச்சை உருளைக்கிழங்கு நாறும். வறுத்த பிறகு பார்த்தால் தெரியாது. அதனால் ஐந்து கிண்ணம் ஊற்றிப் பார்ப்போம். ஒன்றில் நாறினாலும் மொத்தச் சரக்கும் மட்டம்தான்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன். திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியவளே நான்தான். மூன்றாவது கிண்ணத்துக்குக் குனிந்ததும் வாடை அடித்தது. ருவாண்டா என்றதுமே என் மூக்கு அதைத் தேடிக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறது. வாயில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு திமிர். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு "உருளைக்கிழங்கு" என்றேன். அந்த அம்மாவும் வந்து முகர்ந்தார். அவருக்கும் அடித்தது. "எங்கள் பெண்கள் நன்றாகத்தான் பொறுக்கினார்கள்" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னவர், என்னிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அறைக்குள் நுழைகிறேன், இன்னும் தண்ணீர்கூடக் கொதிக்க வைக்கவில்லை, அதே வாடை. ஜன்னல் திறந்தபடியே கிடந்தது. எட்டிப் பார்த்தால் கேன்டீன் அக்கா சுவர் நிழலில் உட்கார்ந்து கூடை நிறைய உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாக்கா, இங்க குந்திகினு கீற?"

"உள்ள ஃபேன் ரிப்பேரும்மா. நேத்தும் இங்கதான் குந்திகினு சீவுனேன். ஏன், இன்னா ஆச்சு?"

ஜன்னலைச் சாத்தி, வாடை போகும்வரை காத்திருந்து, மீதி மாதிரியை மறுபடி ஊற்றினேன். ஐந்து கிண்ணமும் சுத்தம். வாயில் வைத்தால் அருமையான காப்பி. அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன் என்று மேனேஜரிடம் ஓடி, நல்ல விலையே கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அதே சரக்கு கம்மி விலைக்கு வருது. அவங்களும் ஒத்துக்கினாங்க, கையெழுத்தும் ஆச்சு. வேலில போற ஓணான எடுத்து ஏம்மா மடில விட்டுக்கிற?" என்றார் அவர்.

மதியமே, ஸ்ரீபெரும்புதூரில் அந்த அம்மா தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல், கிழங்கு, என் திமிர், எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சரக்கைப் பொறுக்கிய பெண்களை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டாராம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

உடனே ஊரில் அந்தப் பெண்களுக்கே போன் போட்டு அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார். பிறகு ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார். "நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பார்கள். நீங்களே சொல்லுங்கள்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எதையோ கேட்டது. "எங்கள் கொட்டையில் வாடை இல்லையா என்று கேட்கிறாள்" என்றார்.

"இல்லவே இல்லை. தப்பு என்னுடையது."

அவர் அதை அவர்கள் பாஷையில் சொன்னதும் அங்கே நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். அந்தப் பெண் மறுபடியும் ஏதோ கேட்டாள்.

"அப்படியானால் நல்ல விலைக்கே எடுத்துக்கொள்வீர்கள்தானே என்கிறாள்."

மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.